வாலு பேசி முடிக்கும் வரை

“என்னக்கா, உன் கம்ப்யூட்டர் மறுபடியும் மூச்சை விட்டுடுச்சா?”

செருப்பைக் கழற்றும்போதே தம்பி கேட்டான். அக்கா சிரிக்கவில்லை.

“கொஞ்ச நேரம் நல்லாத்தான்டா பேசுறா. அப்புறம் வாயைத் தொறந்தது தொறந்தபடி நிக்கிறா.”

அப்படி நிற்பவள் அவளுடைய மகள். வீட்டில் எல்லோருக்கும் வாலு. வெளியூர் வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால், கரண்ட் பில் கட்ட அம்மா யாரிடமும் போய் நிற்கக் கூடாதென்று, கம்ப்யூட்டரில் எங்கே தட்டுவது, எதை அமுக்குவது என்று தானே பேசி வீடியோ எடுத்து வைத்துவிட்டுப் போனாள். போன இடத்தில் காய்ச்சல். திரும்பி வந்தது உடம்புதான்.

அந்த வீடியோவை அக்கா இன்னும் முழுசாகப் பார்த்ததில்லை. பாதியில் உறைந்துவிடும், இல்லாவிட்டால் திரையே அணைந்துவிடும்.

“கடைசிக்குத் தள்ளிப் பாத்துடலாமேக்கா.”

“பேசிட்டிருக்கிற பிள்ளையை வாயை மூடச் சொல்றியா?”

“சரி, எல்லாத்தையும் அழிச்சுட்டு ஃபார்மட்…”

“கையை ஒடிச்சிடுவேன்.”

“வைரஸ் இல்ல. வயரெல்லாம் கழட்டி மாட்டியாச்சு. இனி பேய்தான் பாக்கி.” சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அவன் அவசரமாக மேசைக்கடியில் குனிந்து கம்ப்யூட்டர் பெட்டியைத் தொட்டான். கை சுட்டது.

“அடுப்பு மாதிரி கொதிக்குதே! உள்ள ஃபேன் ஓடலை போல.”

மூடியைக் கழற்றினான். சின்ன விசிறி முழுக்கக் கறுப்பாக என்னவோ சுற்றிக் கிடந்தது. டார்ச் அடித்தான். நீள நீளமான முடி.

இருவருக்கும் புரிந்தது. தலைக்குக் குளித்துவிட்டு வாலு உட்காரும் இடம் அது. பெட்டியின் சூட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தரையில் உட்கார்ந்து சீவுவாள். ‘கூந்தல் காயவைக்க இதைவிட நல்ல மெஷின் ஏதும்மா’ என்பாள்.

தம்பி கத்தரியை எடுத்தான்.

“வெட்டாதடா. உருவு.”

ஒவ்வொரு இழையாக உருவினான். அக்கா உள்ளங்கையை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

மறுபடி போட்டபோது விசிறி சத்தமில்லாமல் சுற்றியது. வாலு பேசினாள். வழக்கமாக நிற்கும் இடம் வந்தது. வாலு நிற்கவில்லை.

“…பணம் போயிடுச்சேன்னு பதறாத, ரசீது வரும். அவ்வளவுதாம்மா, நீ பாஸ். வேற சந்தேகம் இருந்தா எனக்குப் போன் பண்ணு, என்ன?”

கேமராவை அணைக்க அவள் கை முன்னால் வந்தது. திரை கறுத்தது.

“பாத்தியா, சரியாயிடுச்சு!” என்று தம்பி அக்காவிடம் திரும்பினான்.

“இத்தனை நாளா அவ பேசி முடிக்கலைடா,” என்றாள் அவள். முடியைப் பொத்தியிருந்த கையை மெல்ல விரித்து அவனிடம் நீட்டினாள்.

“இதைத் திரும்ப உள்ளயே வெச்சுடு.”