நிறுத்தத்தில் நின்ற கார்

எட்டு மாதம் கழித்து, கடவுள் புண்ணியத்தில், பேருந்து ஓட்டுநருக்கு ஒரு சனிக்கிழமை விடுப்பு கிடைத்தது. அன்று பூங்காவில் குடும்ப விளையாட்டு நாள். பெற்றவரும் பிள்ளையும் காலோடு காலைக் கட்டிக்கொண்டு ஓடும் பந்தயம் பத்து மணிக்கு. போன இரண்டு வருடமும் அவர் மகள் ஓரமாக நின்று கைதட்டியதோடு சரி.

சொந்தக் காரில்தான் கிளம்பினார்கள். ஆனாலும் மூன்றாவது பேருந்து நிறுத்தத்தில் அவர் கால் தானாகப் பிரேக்கை மிதித்தது.

"அப்பா! இது நம்ம காரு!" என்று மகள் தலையில் அடித்துக்கொண்டாள்.

அதற்குள் அங்கே கைத்தடியோடு நின்ற அம்மாள் ஒருவர் கதவருகே வந்துவிட்டார். "நல்லா இருப்பே தம்பி. ஆஸ்பத்திரி வரைக்கும் விட்டுடறியா?"

ஆஸ்பத்திரி எதிர்த்திசையில் இருந்தது. ஓட்டுநர் மணியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். ஆனாலும் எட்டிப் பின்கதவைத் திறந்துவிட்டாள்.

பூங்காவுக்குப் போனபோது பத்தரை. பந்தயம் முடிந்திருந்தது. கால்கட்டும் துணிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்த பெண் விஷயத்தைக் கேட்டுச் சிரித்தாள். ஒரு துணியை எடுத்து நீட்டினாள்.

"ஓடுங்க. கோட்டுல நான் நிக்கிறேன்."

"போட்டிக்கு யாருமே இல்லையேக்கா?"

"அப்போ நீதான் ஃபர்ஸ்ட். விழாம வா, பாக்கலாம்."

பாதி வழியில் இருவரும் விழுந்தார்கள்.

"ஸ்டாப் வந்துடுச்சாப்பா?" என்று மகள் புல்லைத் துப்பியபடியே சிரித்தாள்.

கோட்டில் அந்தப் பெண் இன்னும் நின்றுகொண்டிருந்தாள். இருவரும் எழுந்தார்கள்.