நடுக் கீல்

விமானம் மரச்சீனிக் கிழங்கு நட்டிருந்த விளைக்குள் மூக்குக் குத்தி விழுந்ததும் ரெத்தினதாஸ் எல்லோருக்கும் கேட்கும்படி கத்திவிட்டான்.

"ரிமோட்ட இவ கையில குடுத்தது எனக்க தப்பாக்கும்!"

அவன் சொன்னது மனைவி லிஷாவை. தனுவச்சபுரம் பக்கத்துத் தரிசு வயலில் ஞாயிறு சாயங்காலம் ரிமோட் விமானம் விடுகிற கூட்டம் அது. கூட்டாளி சத்தியராஜும் மற்றவர்களும் தலை குனிந்துகொண்டார்கள். லிஷா ரிமோட்டை அவனிடம் நீட்டிவிட்டு ஸ்கூட்டர் பக்கம் போய் நின்றாள். அதியன்னூரில் வீடு சேரும்வரை அவள் ஸ்கூட்டரின் பின்கம்பியைப் பிடித்தே வந்தாள்.

மறுநாள் அவள் காட்டாக்கடை மருந்துக்கடைக்கு வேலைக்குப் போனபின் அவன் விமானத்தின் மூக்கை ஒட்டினான். ஒட்டி முடித்துவிட்டு, வாலில் இருக்கும் எலிவேட்டர் தட்டைச் சும்மா விரலால் அசைத்தான். கீழே லேசாகப் போனது. மேலே வரும்போது பாதியில் பிடித்தது. விமானத்தை மேலே எழும்பவைக்கிற தட்டே அதுதான்.

வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தான். தட்டை வாலோடு கோர்த்திருந்த மூன்று கீல்களில் நடுவிலிருந்தது மட்டும் மற்ற இரண்டின் வரிசையை விட்டு மேலேறி இருந்தது. வீட்டு பிளான் வரைந்து பிழைக்கிறவன், அவசரத்தில் கோடு போடாமல் கீலுக்கான கீறலைக் கண்ணளவில் வெட்டியிருந்தான்.

பறக்கவிடும் முன் லிஷா வாலைத் தொட்டுப் பார்த்து, "இது எங்கயோ பிடிக்குது, பாத்தியளா?" என்று கேட்டிருந்தாள். "நான் செஞ்சதாக்கும், நீ ஒனக்க கையப் பாரு" என்றிருந்தான் அவன். விழுகிற நொடிவரை அவள், விமானம் மேலே எழும்ப, ரிமோட்டின் குச்சியை இழுத்துப் பிடித்தபடிதான் நின்றாள். அதைப் பார்த்துக்கொண்டேதான் அவன் கத்தினான்.

கீல்களை பிளேடால் அறுத்தான். நடுக்கீறலில் மரச்சீவலைத் திணித்துப் பசையிட்டு அடைத்தான். இந்தமுறை கோடு போட்டு வெட்டி, ஒட்டாமல் கோர்த்துப் பார்த்தான். தட்டு எங்கும் பிடிக்காமல் தன் எடையிலேயே தொங்கியது. பிறகுதான் புதுக்கீல்களை ஒட்டினான்.

லிஷா வந்ததும் அடுக்களை வாசலில் நின்று சொன்னான். "ஒனக்க தப்பு இல்ல. கீல் கோணலு. நீ சொன்னத நான் கேக்கல்ல."

அவள் திரும்பவில்லை. "ஏசினது அத்தற பேருக்க முன்னால. இது மட்டும் அடுக்களையில வச்சா?"



அடுத்த ஞாயிறு அவன் கூப்பிடாமலே அவளும் ஸ்கூட்டரில் ஏறினாள். வயலில் சத்தியராஜ், "இன்னைக்கு அண்ணிக்கு ரிமோட் உண்டா?" என்று சிரித்தான். ரெத்தினதாஸ் விமானத்தைக் கவிழ்த்து வாலைக் காட்டினான்.

"அன்னைக்கு விழுந்தது இதாலயாக்கும். கீல நான் கோணலா வச்சேன். லிஷா பறத்துறதுக்கு முன்னாலயே சொன்னா. நான் அவளத்தான் ஏசினேன்."

யாரோ இருமினார்கள். அவன் வாலைப் பிடித்தபடியே நின்றான்.

லிஷா வந்து எலிவேட்டரை மேலும் கீழும் அசைத்துப் பார்த்தாள். பின் கை நீட்டி ரிமோட்டை வாங்கினாள். விமானம் தென்னைகளுக்கு மேலே எழும்பி இரண்டு வட்டம் சுற்றி, வயலில் மெல்ல வந்து உட்கார்ந்தது. கைதட்டினார்கள். ரெத்தினதாஸும் தட்டினான்.

அவள் ரிமோட்டைச் சத்தியராஜிடம் கொடுத்தாள். "இனி நீங்க பறத்துங்க." வீட்டுக்கு வரும் வழியில், பால் வாங்க வேண்டும் என்பதை மட்டும் அவனிடம் சொன்னாள்.