ஒன்றுமில்லாத இடம்

சிலுவை வீட்டின் மேற்குச் சுவர், அவருடைய இளைய மருமகள் லிண்டாவுக்கு மட்டும் பின்னால் நகரத் தொடங்கியது உவரியில் நெத்திலி மலிந்து கிடந்த ஒரு தவக்காலத்தில். அந்த ஆண்டு நெத்திலியை ஏலத்தில் கேட்க ஆளில்லாமல் பாதியை மணலில் காயப்போட்டார்கள். சுவர் நகர்ந்த விஷயம் பல மாதங்கள் யாருக்கும் தெரியவில்லை. லிண்டாவும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மத்தியான வெக்கையில் எல்லாரும் தரையில் சாயும் நேரத்தில் அவள் சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுப்பாள். நெற்றியில் இடிக்கிற சுவர் ஒருநாள் இடிக்கவில்லை. அவ்வளவுதான்.

சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த வீடு அது. ஒரு கூடம், ஓர் அறை, ஓர் அடுப்படி. அறையில் மூத்த மகனும் அவன் மனைவி அஞ்சலினும் கைக்குழந்தையோடு படுத்தார்கள். கூடத்தில் சிலுவை, அவர் மனைவி ரோசம்மாள், அஞ்சலினின் பெரிய பிள்ளைகள், சுவரோரமாக லிண்டாவும் அவள் மகன் எபியும். லிண்டாவின் கணவன் எட்வின் பஹ்ரைனில் மீன்பிடிப் படகில் இருந்தான். அந்த வீட்டில் யாரும் கெட்டவர்கள் இல்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். ரோசம்மாள் குழம்பில் கிடக்கும் நடுத்துண்டத்தை மருமகளுக்கென்று ஒதுக்கி வைப்பவள். அஞ்சலின் தன் புதுச்சேலையை லிண்டா கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனாலும் ஒன்றும் சொல்லாதவள். ஆனால் லிண்டாவின் மேல் எந்நேரமும் யாருடைய கையோ காலோ கிடந்தது. எபி பால்குடி மறந்த பிறகும் அவள் காதைப் பிடித்துக்கொண்டுதான் தூங்கினான். அஞ்சலினின் மகள் காலைத் தூக்கி அவள் இடுப்பில் போட்டாள். குளிக்கப் போனால் தட்டிக்கு வெளியே நின்று புளி எங்கே இருக்கிறதென்று கேட்டார்கள். எட்வின் போனில் முகம் காட்டிப் பேசும்போது அவள் தோளுக்கு மேலே நாலைந்து தலைகள் எட்டிப் பார்த்தன. அவன் கேட்டதற்கு அவர்களே பதிலும் சொன்னார்கள். கூட்டப்பனையில் அவள் பிறந்த வீடும் இப்படித்தான். பிறந்ததிலிருந்து ஓர் அறையில் தனியாக இருந்ததே இல்லை என்பது அவளுக்கே தெரியாது. யாரும் அவளிடம் அதைக் கேட்டதில்லை.

தை மாதம் அந்தோணியார் கோயில் திருவிழாவுக்கு உறவுக்காரர்கள் வந்து இறங்கினார்கள். கூடத்தில் தலைமாடு கால்மாடாகப் படுத்தும் இடம் போதவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ரோசம்மாளின் தங்கை உடம்பைச் சாய்க்க வந்து, “ஏட்டி லிண்டா, பைய அங்கன தள்ளிப் படு” என்றாள். லிண்டா தள்ளிப் படுத்தாள். “இன்னும் கொஞ்சம்” என்றாள் அவள். லிண்டா இன்னும் கொஞ்சம் தள்ளினாள். பிறகு லிண்டா அங்கே இல்லை. கூடத்தில் விழித்திருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். ரோசம்மாளின் தங்கை சுவரைத் தட்டிப் பார்த்தாள். சுவர் சுவராகத்தான் இருந்தது, சுண்ணாம்பு கையில் ஒட்டியது.

உள்ளே சிமெண்டுத் தரை இருந்தது. மூடிக் கிடக்கும் வீட்டில் சாயங்காலத்துக்கு முன்னால் இருக்குமே, அந்த வெளிச்சம். கடல் சத்தம் கேட்கவில்லை. உவரியில் கடல் சத்தம் கேட்காத இடம் வேறெதுவும் கிடையாது என்பதால் லிண்டா முதலில் தன் காதுதான் அடைத்துவிட்டதென்று நினைத்தாள். கொஞ்ச நேரம் காலை நீட்டி உட்கார்ந்தாள். எதையும் யோசிக்கவில்லை. பிறகு அரிசி ஊறப்போட்டது ஞாபகம் வந்து எழுந்து வெளியே வந்தாள். கூடத்தில் எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள். அவள் அவர்களைத் தாண்டி அடுப்படிக்குப் போனாள்.

அடுத்த நாள் அந்தச் சுவரை ஒட்டிய மேற்கு வீட்டுக்காரர் வலைக்கயிறு பிடித்துத் தன் அறையை அளந்தார். ஒரு விரற்கடைகூடக் குறையவில்லை என்றதும் அவருக்கு அதில் அக்கறை போய்விட்டது. பங்குச்சாமி வந்து சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, இது திருச்சபைக்கு விரோதமான காரியமாகத் தெரியவில்லை, கோயிலில் அறிவிக்க வேண்டிய காரியமாகவும் தெரியவில்லை என்றார். சிலுவைக்கு வேறு யோசனை இருந்தது. “ஏ பிள்ள, உள்ள அவ்வளவு எடம் கெடந்தா இந்த வலையக் கொண்டு போட்டுரேன். இங்கன எலி கடிக்கி” என்றார். லிண்டா வலையைத் தூக்கிக்கொண்டு போனாள். அவள் கை உள்ளே போயிற்று, வலை வெளியே விழுந்தது. உடுத்திய துணியைத் தவிர எதையும் அவளால் கொண்டு போக முடியவில்லை. ஒருமுறை எபியை இடுப்பில் வைத்துக்கொண்டு நுழைந்தாள். பிள்ளையின் நெற்றி சுவரில் இடித்தது. அவன் வீறிட்டு அழுதான். லிண்டா அவனை இறக்கிவிட்டு, அழுகை நிற்கும்வரை தடவிக்கொடுத்துவிட்டு, உள்ளே போனாள். ரோசம்மாளால் பொறுக்க முடியாமல் போனது அதுதான்.

“பெத்த பிள்ளய வெளிய போட்டுட்டு அங்கன போயி என்ன செய்யுதா?” என்று அவள் எல்லாரிடமும் கேட்டாள். லிண்டாவிடம் கேட்கவில்லை. கேட்டது அஞ்சலின். அடுப்படியில் இருவரும் சாளை ஆய்ந்துகொண்டிருந்தபோது, “உள்ள என்னட்டி இருக்கு?” என்றாள்.

“ஒண்ணுமில்ல மைனி.”

“ஒண்ணுமில்லாத எடத்துக்கு எதுக்குட்டி போற?”

லிண்டா கையிலிருந்த மீனின் செதிலைச் சுரண்டி முடித்தாள். “ஒண்ணுமில்லங்கதுக்குத்தான்” என்றாள். அன்று மீதி மீனை அஞ்சலினே ஆய்ந்தாள்.

எட்வின் விடுப்பில் வந்தபோது எபிக்கு நாலாவது வயது நடந்தது. போனில் கேட்ட விஷயத்தை அவன் நம்பியிருக்கவில்லை. வேறு ஏதோ அசிங்கத்தை மறைக்க வீட்டார் கதை கட்டுகிறார்கள் என்று நினைத்திருந்தான். வந்த மறுநாளே கண்ணால் பார்த்தான். சுவர் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து அவள் வரும்வரை காத்திருந்தான். அவள் வந்ததும், “நான் என்ன செஞ்சேன்?” என்றான்.

“நீங்க ஒண்ணும் செய்யல.”

“எங்கம்மை ஏதும் சொன்னாளா?”

“யாரும் ஒண்ணும் செய்யல. எனக்குக் கொஞ்சம் எடம் வேணும், அவ்வளவுதான்.”

எட்வினுக்குக் கோபம் வரவில்லை, குழப்பமாக இருந்தது. பஹ்ரைனில் ஒரே அறையில் அடுக்குக் கட்டில்களில் பதினான்கு பேரோடு படுக்கிறவன் அவன். ஒருவன் எழுந்த சூட்டில் இன்னொருவன் படுப்பான். அங்கே அவன் நினைத்துக்கொண்டதெல்லாம் இந்தக் கூடத்தையும் இதிலுள்ள மனிதர்களையும்தான். “நான் திரும்பிப் போற வரைக்கும் உள்ள போவாத. அதுக்கு மேல உன் இஷ்டம்” என்றான். லிண்டா சரி என்றாள். அவன் இருந்தவரை போகவில்லை. அவனோடு திருச்செந்தூர்ப் பக்கம் உறவுக்காரர் வீடுகளுக்குப் போனாள், திசையன்விளையில் துணி எடுத்தாள், போட்டோவில் சிரித்தாள். அவனை விமானத்துக்கு அனுப்பிவிட்டுத் திரும்பி வந்த அன்று சுவருக்குள் போனபோது, போகாமல் விட்ட நாளெல்லாம் சேர்ந்துகொண்டதுபோல இடம் கோயில் வளாகத்தைவிட நீளமாகக் கிடந்தது. அவள் நடந்தாள். எதிரே யாரும் வரவில்லை. பின்னால் யாரும் கூப்பிடவில்லை. நடந்துகொண்டே இருந்தாள்.

அவள் வெளியே வந்தபோது வீட்டில் ஒருவரும் இல்லை. அடுப்படியில் கஞ்சிப்பானை கவிழ்ந்து கிடந்தது. தரையில் சோற்றுப்பருக்கைகள் காய்ந்துவிட்டிருந்தன. வாசலில் நின்ற அடுத்த வீட்டுப் பெண், எபி பானையைப் பிடித்து இழுத்துவிட்டதையும், எல்லாரும் சுவரைத் தட்டிக் கூப்பிட்டுப் பார்த்ததையும், பிறகு ஆட்டோவில் திசையன்விளைக்குக் கொண்டுபோனதையும் சொன்னாள். லிண்டா பஸ் பிடித்துப் போனாள். பஸ்ஸில் கூட்டம் அவளை நெருக்கியது. அவள் நெருங்கிக் கொடுத்தாள். ஆஸ்பத்திரியில் எபி ரோசம்மாளின் மடியில் கிடந்தான். தொடையிலிருந்து முழங்கால்வரை கட்டுப் போட்டிருந்தது. லிண்டா கையை நீட்டியதும் அவன் அவளைப் பார்த்துவிட்டு ரோசம்மாளின் சேலைக்குள் முகத்தை வைத்துக்கொண்டான். லிண்டாவுக்கு அழுகை வரவில்லை. எல்லாரும் அதைக் கவனித்தார்கள்.

அதன்பிறகு அவள் மூன்று வருடம் சுவர்ப்பக்கம் போகவில்லை. யாரும் தடுக்கவில்லை, அவளாகவே போகவில்லை. இரும்புப் பீரோவைத் தள்ளி அந்தச் சுவரோரம் நிறுத்தியதும் அவள்தான். எபியின் புண் ஆறியது, தழும்பு பளபளப்பாக நின்றது, கொஞ்ச நாளில் அவன் பழையபடி அவள் காதைப் பிடித்துக்கொண்டு தூங்கினான். அவள் எல்லா வேலையும் செய்தாள். கேட்டதற்குப் பதில் சொன்னாள். யார் எந்தப் பக்கம் நகரச் சொன்னாலும் நகர்ந்தாள். எட்வின் போனில் எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் நல்லா இருக்கேன் என்றாள். அது பொய்யும் இல்லை. ஒரு விஷயம் மட்டும் மெல்ல மெல்ல நடந்தது. அவள் தோலுக்கு எதுவும் உறைக்காமல் போயிற்று. கொதிக்கும் பானையைத் துணி பிடிக்காமல் இறக்கினாள். பிள்ளைகள் மேலே ஏறி விழுந்தாலும் திரும்பிப் பார்க்கவில்லை. யாரோ தோளைத் தொட்டுக் கூப்பிடுகிறார்கள் என்பதைத் தரையில் விழும் நிழலைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். சிலுவை நெஞ்சுவலியில் இறந்த அன்று பெண்கள் அவளைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். அவளுக்கு அவர்களுடைய வாய் அசைவது தெரிந்தது, பிடி தெரியவில்லை.

ஊரடங்கு வந்தது. கடலுக்குப் போகக்கூடாது, கரையில் கூடக்கூடாது என்றார்கள். எட்வின் இருந்த படகின் முதலாளி எல்லாரையும் ஊருக்கு அனுப்பிவிட்டார். முகாமில் தனியாக வைத்திருந்து வெளியே விட்ட பிறகு அவனும் வீடு வந்து சேர்ந்தான். பள்ளிக்கூடமும் கிடையாது. விடிந்தால் அடைந்தால் அத்தனை பேரும் அந்தக் கூடத்தில்தான். டிவி ஓடிக்கொண்டே இருந்தது. மூத்தவனும் எட்வினும் ஒன்றுமில்லாத விஷயத்துக்குச் சண்டை போட்டார்கள். வெளியே மனிதருக்கு மனிதர் விலகி நிற்கச் சொல்லிப் போலீஸ் ஜீப்பில் ஒலிபெருக்கி போனது. உள்ளே காலை நீட்டினால் ஒருவர்மேல் பட்டது.

ஒருநாள் லிண்டா சோறு வடித்தாள். பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த ரோசம்மாளுக்குக் கருகல் வாடை வந்தது. நிமிர்ந்து பார்த்தாள். பானையின் விளிம்பை வெறுங்கையால் பிடித்தபடி லிண்டா கஞ்சி வடிவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ரோசம்மாள் எழுந்து பானையைப் பிடுங்கிக் கீழே வைத்தாள். மருமகளின் கைகளைத் திருப்பிப் பார்த்தாள். உள்ளங்கை முழுக்கப் பழைய சூடும் புதுச்சூடுமாக இருந்தது. சில இடங்களில் கைரேகையே இல்லை.

“வலிக்கலியாட்டி?” என்றாள்.

“இல்ல மாமி.”

“எத்தன நாளா?”

லிண்டா யோசித்துப் பார்த்தாள். அவளுக்குத் தெரியவில்லை.

ரோசம்மாள் அந்தக் கைகளை விட்டுவிட்டுக் கூடத்துக்குப் போய், “ஏலே எட்வின், எந்திரி. இந்தப் பீரோவத் தள்ளு” என்றாள். எதற்கென்று அவன் கேட்கவில்லை. அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தள்ளினார்கள். சுவரில் பீரோ இருந்த இடம் மட்டும் வெள்ளையாக இருந்தது. ரோசம்மாள் எபியைக் கையில் பிடித்துக்கொண்டாள். “நீ போயிட்டு வா. பிள்ளய நான் பாத்துக்கிடுதேன். அடுப்பையும் பாத்துக்கிடுதேன்” என்றாள். லிண்டா எபியைப் பார்த்தாள். அவன், “போ, நான் இங்கன இருக்கேன்” என்றான். டிவியை அணைத்தது யாரென்று தெரியவில்லை.

உள்ளே இடம் சின்னதாகிப் போயிருந்தது, ஒருவர் கை விரித்து நிற்கும் அளவு. லிண்டா உட்கார்ந்தாள். முதலில் ஒன்றும் இல்லை. அப்புறம் உள்ளங்கை எரியத் தொடங்கியது. அன்று சுட்ட சூடு, அதற்கு முந்தைய சூடு, அதற்கும் முந்தையது எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்தன. சிலுவை இறந்தபோது கட்டிப்பிடித்தவர்களின் கைகள் முதுகில் தெரிந்தன. ஆஸ்பத்திரியில் எபி முகத்தைத் திருப்பிக்கொண்டது தெரிந்தது. அவள் வாய்விட்டு அழுதாள். கேட்க யாரும் இல்லாததால் அடக்க வேண்டியிருக்கவில்லை. வெளியே வந்ததும் கைக்கு மருந்து கேட்டாள். அஞ்சலின் தேங்காயெண்ணெய் தடவியபோது, “பைய மைனி, வலிக்கி” என்றாள்.

அதுமுதல் அந்த வீட்டில் ஒரு வழக்கம் ஏற்பட்டது. லிண்டா போகும்போது யாரிடமாவது சொல்லிவிட்டுப் போவாள். சொல்லப்பட்டவர் எபியைப் பார்த்துக்கொள்வார். உள்ளே தூரம் போகவேண்டியிருந்தால் அதையும் சொல்வாள். எட்வின் திரும்ப பஹ்ரைன் போகவில்லை. ஊரிலேயே பைபர் வள்ளத்தில் பங்குக்கு மீன்பிடிக்கப் போகிறான். அவளும் அவனும் மீன் விற்ற பிறகு கரையில் உட்கார்ந்து பேசுவதுண்டு. சில நாள் பேசாமலும் உட்கார்ந்திருப்பார்கள். இன்னும் அவள் அதிகம் சிரிக்கிறவள் இல்லை.

போன வருடம் ஐப்பசி மழைக்கு முன்னால், அடுப்படியின் வடக்குச் சுவரில் சாய்ந்து கருவாடு தரம்பிரித்துக்கொண்டிருந்த ரோசம்மாளின் முதுகு சுவருக்குள் கொஞ்சம் பதிந்திருப்பதை லிண்டா பார்த்தாள். ஐம்பது வருடமாக அந்தக் குடும்பத்துக்குச் சோறு போட்டவள், கூப்பிட்ட குரலுக்கெல்லாம் ஏன் என்று கேட்டவள். அடுத்த வாரம் ரோசம்மாளின் தோள்வரை பதிந்திருந்தது. பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பாதி பிரித்த கருவாட்டுக்கு முன்னால் யாரும் இல்லை. லிண்டா அடுப்பைத் தணித்துவிட்டுப் பிள்ளைகளை வெளியே விளையாட அனுப்பினாள்.

மேலப்பாளையத்திலிருந்து கருவாடு எடுக்க வரும் மீரா முகைதீன் சாக்கோடு வாசலில் வந்து நின்று, “ரோசம்மாக்கா எங்கம்மா?” என்று குரல் கொடுத்தார்.

“மாமி உள்ள இருக்காவ, அண்ணாச்சி. இன்னைக்குத்தான் மொதத் தடவ போயிருக்காவ. நேரமாவும்.”

லிண்டாவின் சுவரைப் பற்றி முன்பே கேள்விப்பட்டிருந்த மீரா முகைதீன் அடுப்படிச் சுவரை ஒருமுறை பார்த்தார். சாக்கை மடித்துக் கீழே போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். “ஆவட்டும்மா. பைய வரட்டும்” என்றார்.