நடு ஸ்பீக்கர் இல்லாமல் ஒரு பாட்டு

“இன்னும் கொஞ்சம் பின்னாடி போ” என்றார் கணவர், சோபாவில் சாய்ந்து ரிமோட்டை நீட்டிக்கொண்டு. அவள் ஒரு எட்டு பின்னால் வைத்தாள். இரண்டு கையாலும் ஒரு ஸ்பீக்கரைக் காது உயரத்துக்குத் தூக்கிப் பிடித்திருந்தாள். அதன் வயர் அவள் காலைச் சுற்றி, சுவரோரமாக ஓடி, டிவிக்குக் கீழே இருந்த கறுப்புப் பெட்டிக்குள் போயிற்று. எந்த இடத்தில் வைத்தால் நன்றாகக் கேட்கிறது என்று முடிவான பிறகுதான் சுவரில் துளை போடுவாராம். அதுவரை ஆணிக்குப் பதில் மனைவி. “இன்னும் கொஞ்சம்” என்றார். அவள் முதுகு சுவரில் இடித்தது.

“இதுக்கு மேல போகணும்னா பக்கத்து வீட்டுக்குத்தான் போகணும்” என்றாள்.

கணவர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறார். தெருவே மாஸ்டர் என்று கூப்பிடுவதால் சில சமயம் அவளும் அப்படியே கூப்பிட்டுவிடுவாள். கற்றுக்கொடுக்கும் வண்டியில் அவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அதை மிதித்து மிதித்துப் பழகிய கால் வீட்டுக்கு வந்தாலும் சும்மா இருக்காது. டிவியில் கார் வேகமெடுத்தால் சோபாவில் இருந்தபடியே தரையை மிதிப்பார். அவரிடம் வண்டி கற்றுக்கொண்ட பல் டாக்டர் ஒருவர் வீட்டைக் காலி செய்துகொண்டு போகும்போது இந்த ஹோம் தியேட்டர் செட்டை மாஸ்டர் தலையில் கட்டிவிட்டுப் போயிருந்தார். சினிமா பார்க்கத்தான் இதெல்லாம் என்று மகள் சொன்னாள். மாஸ்டர் கேட்கவில்லை. நாள் பூராவும் ஹாரன் சத்தம் கேட்கிற காதுக்கு வீட்டிலாவது நல்ல பாட்டு வேண்டும் என்பது அவர் கட்சி.

காலையிலிருந்து பெட்டியில் இருந்த ஒலி மோடுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாயிற்று. ‘ஸ்டேடியம்’ என்று ஒன்று இருந்தது. பாடகர் கிணற்றுக்குள் இறங்கிப் பாடுகிற மாதிரி இருந்தது, ஒருத்தருக்கும் பிடிக்கவில்லை. ‘ஹால்’ என்று இன்னொன்று. “நம்ம ஹாலைப் பெருக்கவே ஆள் இல்ல, இதுல இன்னொரு ஹாலா?” என்றாள் அவள். ‘சர்ச்’ போட்டதும் மாஸ்டர் தன்னையறியாமல் நிமிர்ந்து உட்கார்ந்தார். மகள் தரையில் சப்பணமிட்டு, இணையத்திலிருந்து இறக்கிய கையேட்டைப் போனில் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். இன்னும் பாதி மோடுகள் பாக்கி என்றாள்.

ஸ்பீக்கரைப் பிடித்து நின்றவளுக்கு மனம் எதிலும் ஒட்டவில்லை. காலையில் கொக்கு போன் செய்திருந்தாள். கொக்கு என்றால் கழுத்து நீண்ட, வற்றலான ஒரு சிநேகிதி. கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு பேரும் சேர்ந்துதான் சினிமாப் பாட்டுகளுக்குக் கோரஸ் பாடப் போனார்கள். கொக்கு இன்னும் விடவில்லை, மேடைக் கச்சேரிகளில் பாடுகிறாள். “கீழ்க்குரல் பாடுறவளுக்குத் தொண்டையில ஆபரேஷன்டி. நீ வாயேன். சாயங்காலத்துக்குள்ள சொல்லு, இல்லேன்னா வேற ஆளைப் பாக்கணும்” என்றாள். பார்க்கலாம் என்று இவள் சொன்னாள். பார்க்கலாம் என்றால் முடியாது என்று அர்த்தம், அது கொக்குவுக்கும் தெரியும். ஆனாலும் போகவேண்டும் போல ஆசையாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

அம்மா ஒரு காலத்தில் கோரஸ் பாடினாள் என்பது இந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும், அம்மாவுக்கு நீச்சல் தெரியும் என்பதைப் போல. எந்தப் பாட்டு என்று கேட்டால் நினைவில்லை என்றுவிடுவாள். நினைவில்லாமல் என்ன? கடைசியாகப் பாடின பாட்டு அவள் வேலை பார்க்கும் மருந்துக்கடையின் ரேடியோவில் இன்றைக்கும் ஒலிக்கிறது. அது வந்தால் மாத்திரை எடுக்கிற சாக்கில் உள்ளே போய்விடுவாள்.

அன்றைக்கு ஸ்டுடியோவில் பெண்கள் எல்லோரும் மைக்குகளைச் சுற்றி அரை வட்டமாக நின்றார்கள். ஒரு தடவை பாடி முடித்ததும் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து இன்ஜினியரின் குரல் வந்தது. “இடது பக்கம் கடைசியில நிக்கிறவங்க, கொஞ்சம் பின்னாடி போங்க.” போனாள். மறுபடி பாடினார்கள். “இன்னும் கொஞ்சம்.” அப்புறமும் இன்னும் கொஞ்சம். கடைசியில் முதுகு சுவரைத் தொட்டபோது கொக்குவைத் தவிர எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பார்வையை அவள் மறக்கவில்லை. தன் குரல் சகிக்கவில்லை, முகத்துக்கு நேரே சொல்லாமல் நாகரிகமாக ஒதுக்குகிறார்கள் என்று தீர்மானித்துக்கொண்டாள். அதோடு சரி. மருந்துக்கடைக்குப் போன் செய்கிறவர்கள் இவள் குரலைக் கேட்டு “சார், அந்த மாத்திரை இருக்கா?” என்று கேட்கும்போதெல்லாம், இந்தத் தொண்டையை வைத்துக்கொண்டா பாடப் போனோம் என்று தன்னையே கேலி செய்துகொள்வாள்.

“எல்லாருக்கும் தெரிஞ்ச பாட்டா போட்டாதாம்ப்பா வித்தியாசம் தெரியும்” என்று சொல்லி மகள் போனைத் தட்டினாள். முதல் வீணை மீட்டல் கேட்டதுமே இவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பாட்டேதான்.

“வேற போடு” என்றாள்.

“ஏம்மா? இது எனக்கு எவ்வளவு பிடிக்கும் தெரியுமா?”

“அசையாத, அப்படியே பிடி” என்றார் மாஸ்டர். “நான் இப்ப ‘மியூசிக்’ மோட் போடுறேன்.”

உள்ளே போகலாம் என்றால் கையில் ஸ்பீக்கர், காலில் வயர். மாட்டிக்கொண்டாள். முன்னால் இருந்த ஸ்பீக்கர்களில் வீணையும் தாளமும் பளிச்சென்று வந்தன. பல்லவி வரவேண்டிய இடமும் வந்தது. பல்லவி வரவில்லை. ஊருக்கே மனப்பாடமான அந்தக் குரல் எங்கோ சுவருக்கு அப்பால் முனகுகிற மாதிரி நிழலாகக் கேட்டது, அவ்வளவுதான். வாத்தியங்கள் ஆள் இல்லாத வண்டி போல அவை பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன.

“பாடுறவரைக் காணோமே” என்றார் மாஸ்டர். அவர் கால் தரையை மிதித்தது. “பல் டாக்டர் நம்மள ஏமாத்திட்டாரா?”

சோபாவை விட்டு இறங்கி, டிவிக்கு முன்னால் மண்டியிட்டு, ஒவ்வொரு வயராக இழுத்துப் பார்க்க ஆரம்பித்தார். பாட்டை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை. சரணத்துக்கு முன்னால் கோரஸ் வருகிற இடம் நெருங்கியது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

முதலில் உள்ளங்கையில்தான் வந்தது. பிடித்திருந்த ஸ்பீக்கர் லேசாக அதிர்ந்தது. அப்புறம் காதுக்குப் பக்கத்தில், மூச்சு இழுக்கிற சத்தத்தோடு, பெண்களின் குரல். பாடகர் இல்லாத வெட்டவெளியில் அந்தக் குரல்கள் மட்டும் எழுந்தன. மேலே மெல்லிசாகக் கொக்கு. நடுவில் மற்றவர்கள், கலங்கலாக. எல்லோருக்கும் அடியில் ஒரு குரல், தாழ்ந்து, அகலமாக, அவசரமே இல்லாமல். மற்றவர்கள் வரியை முடித்துவிட்ட பிறகும் அது ஒரு இமைப்பொழுது விடாமல் நின்று அதன் பிறகே ஓய்ந்தது. அப்படிக் கடைசியில் நிற்கிற கெட்ட பழக்கம் யாருக்கு இருந்தது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். கொக்கு அதற்காக அவளைக் கிள்ளியே இருக்கிறாள்.

மகள் எழுந்து வந்து ஸ்பீக்கரில் காதை வைத்தாள்.

“இந்தப் பாட்டை எத்தனை தடவை கேட்டிருப்பேன், இப்படி ஒரு குரல் இருந்ததே தெரியாதும்மா. அடியில ஒண்ணு போகுது பாரு. அதை எடுத்துட்டா மத்ததெல்லாம் சரிஞ்சிடும் போல இருக்கு. யாரா இருக்கும்?”

அவள் ஸ்பீக்கரை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அழுதுவிடுவோம் என்று தோன்றியது, கூடவே சிரிப்பும் வந்தது.

அதற்குள் மாஸ்டர் குற்றவாளியைப் பிடித்துவிட்டார். டிவிக்கு நேர் கீழே வைக்கவேண்டிய நடு ஸ்பீக்கரின் வயர் நுனி பிய்ந்திருந்ததால், நேற்று ராத்திரி அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர், அப்படியே மறந்திருந்தார். கற்றுக்கொள்ள வருகிறவர்களை ஹாண்ட் பிரேக்கை மறந்ததற்காகத் திட்டுகிற மனிதர். மகள் கையேட்டைத் தேடிப் படித்தாள். “இந்த மோட்ல மட்டும் மைக்குக்குக் கிட்ட, நேரா பாடுறதெல்லாம் நடு ஸ்பீக்கருக்குப் போயிடுமாம். தள்ளி நின்னு பாடினது, ரூம்ல சுத்தி வந்து பதிஞ்சதெல்லாம் பின்னாடி ஸ்பீக்கருக்கு வருமாம். அதான் அந்தக் குரல் அம்மா கையில வருது. பாவம், யாரோ ரொம்பத் தள்ளி நின்னு பாடியிருக்காங்க.”

“சுவத்துல ஒட்டிக்கிட்டு நின்னவ” என்றாள் அவள். “அது நான்தான்.”

மாஸ்டர் வயரைக் கையில் பிடித்தபடி திரும்பினார். மகள் பாட்டை நிறுத்தினாள். அவள் ஸ்பீக்கரைக் கீழே வைக்காமலே எல்லாவற்றையும் சொன்னாள். கண்ணாடி, இன்ஜினியர், ஒவ்வொரு எட்டாகப் பின்னால் போனது, எல்லோரும் திரும்பிப் பார்த்தது. சொல்லச் சொல்ல, இத்தனை வருஷம் நெஞ்சில் ஏற்றி வைத்திருந்த விஷயம் இவ்வளவு சின்னதா என்று இருந்தது. காலையில் கொக்கு கூப்பிட்டதையும் சொன்னாள்.

சங்கீதத்தில் அரிச்சுவடி கூடத் தெரியாத மாஸ்டர் தலையைச் சொறிந்துகொண்டு கேட்டார். “எனக்கு ஒண்ணு புரியல. குரல் எடுபடாதவங்களைத்தானே கிட்ட வரச் சொல்லுவாங்க? தள்ளி நில்லுன்னு யாரைச் சொல்லுவாங்க?”

அவள் அவரையே பார்த்தாள். இதை அவள் ஒரு நாளும் யோசித்ததில்லை. இப்போது வந்த கோபம் இன்ஜினியர் மேலா, தன் மேலா, இதை இன்றைக்குப் போய்ச் சொல்கிற இந்த மனிதர் மேலா என்று தெரியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இரண்டு கையும் மாட்டிக்கொண்டிருந்ததால் துடைக்கவும் முடியவில்லை, மகள்தான் துடைத்துவிட்டாள்.

“சரி, இந்த வயரைச் சேத்துட்டா பாடுறவர் வந்துடுவார்” என்றார் மாஸ்டர். “சேக்கட்டுமா?”

“இப்ப வேண்டாம். அவர் பாடித்தான் ஊருக்கே கேட்டாச்சே. நீங்க வந்து இதைப் பிடிங்க.”

மாஸ்டர் மறுபேச்சு பேசாமல் வந்து ஸ்பீக்கரை வாங்கிக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றார். மோடை மாற்றவேண்டாம் என்று அவள் மகளிடம் சொன்னாள். கைகளை உதறிக்கொண்டு, தன் போனை எடுத்துக் கொக்குவின் நம்பரை அழுத்தி, போன் ஸ்பீக்கரில் போட்டு சோபாவின் கைப்பிடியில் வைத்தாள். என்ன சொல்லப்போகிறோம் என்று அவளுக்கே இன்னும் நிச்சயமில்லை. எத்தனையோ வருஷமாகப் பாடாத தொண்டை, முதல் வரியிலேயே உடைந்தாலும் உடையலாம். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மகள் பாட்டைக் கோரஸுக்குக் கொஞ்சம் முன்னால் கொண்டுபோய் வைத்து, தட்டிவிட்டாள்.

போனை எடுத்த கொக்கு, “ஏண்டி, என்ன முடிவு பண்ணின? இங்க கச்சேரிக்காரங்க என்னைப் பிடுங்கி எடுக்கிறாங்க” என்று ஆரம்பித்தாள். ஆனால் அந்த நேரம் பார்த்துப் பாட்டில் பெண்கள் மூச்சு இழுத்தார்கள். இவளும் கூடவே இழுத்தாள். முதல் எழுத்து கரகரத்தது, இரண்டாவது கொஞ்சம் வழுக்கியது, மூன்றாவதில் அடியில் தரை கிடைத்தது. அதில் நின்றுகொண்டாள்.

“ஹலோ?” என்றது போன். “ஹலோ, என்னடி சத்தம்?”

அப்புறம் அது பேசவில்லை. மாஸ்டர் மூச்சு விடாமல் நின்றார். வரி முடியப்போகிற நேரத்தில் சோபாவின் கைப்பிடியிலிருந்து, மெல்லிசாக, அரை நொடி பின்தங்கி, கொக்குவின் குரல் வந்து மேலே ஏறிக்கொண்டது.