கோணிச் சாக்கும் ஒரு சிகரெட்டும்

போர்ட் சயீதில் கால்வாய்க்குள் நுழையப் போகிற கப்பலின் அடியில் யாராவது குண்டு ஒட்டி வைத்திருக்கிறார்களா என்று முங்கிப் பார்ப்பது ஷெஹாத்தாவின் ஆட்களுடைய வேலை. குண்டுக்கு அவர் பயந்தவரில்லை. பதினெட்டு வருஷத்தில் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. கப்பல்காரர்கள் இன்ஜின், பம்பு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டோம் என்று சொல்வதுதான் அவருக்குப் பயம்.

அன்றைக்கும் அதையேதான் சொன்னார்கள். கப்பல் இன்ஜினியர் கையெழுத்துப் போட்ட தாள் வந்தது. ஷெஹாத்தா அதை மடித்துப் பையில் செருகிவிட்டு, கோணிச் சாக்கில் கல்லைக் கட்டி, கப்பல் கடல்தண்ணீரை உறிஞ்சும் வாய்க்கு நேராகப் படகிலிருந்து கயிற்றில் இறக்கினார். உள்ளே பம்பு ஓடினால் அந்த வாய் ஆளுக்கு முன்னால் சாக்கை இழுத்துக்கொள்ளும். ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தார். அது தீரும்வரை யாரும் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது.

முங்க வேண்டியவன் அஷூர், அவருடைய தங்கை புருஷன். வேலையில் இருக்கும்போது அவனுக்கும் அவர் ரயிஸ், அதாவது தலைவர்தான், மச்சான் கிச்சான் எல்லாம் கிடையாது. சாயங்காலம் அவன் மகளுக்கு நிச்சயதார்த்தம். மேலே கேப்டன் வேறு, கால்வாய்க்குள் போகும் இந்த வரிசையில் கப்பல் போகாவிட்டால் நாளையிலிருந்து வேறு ஆள் பார்க்கும்படி கம்பெனியிடம் சொல்லிவிடுவேன் என்று வயர்லெஸ்ஸில் கத்திக்கொண்டிருந்தார்.

அஷூர் கயிற்றை இழுத்துப் பார்த்தான். சாக்கு லேசாக வந்தது.

"பாருங்க ரயிஸ், சும்மா தொங்குது. ஒரு சிகரெட்டுக்காக ஆறு குடும்பத்துப் பொழப்பைக் கெடுக்கப் போறீங்களா?"

பாதி சிகரெட் மிச்சமிருந்தது. தூக்கிப் போட்டுவிடலாமா என்றுகூட ஷெஹாத்தாவுக்குத் தோன்றியது. ஆனால் முன்பு அவரிடம் முங்கிக்கொண்டிருந்த லுத்ஃபி இதே மாதிரி வாயில் சிக்கிச் செத்த கப்பலிலும் யாரும் பொய் சொல்லவில்லை. ஒரு பம்பை நிறுத்தினால் கொஞ்ச நேரத்தில் துணைப் பம்பு தானாக ஓட ஆரம்பிக்கும் என்பதை மறந்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

"உன் பொண்ணு நிச்சயத்துல நீ நிக்கணும்டா. உக்காரு."

அஷூர் முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தான். சிகரெட் விரலைச் சுடும் நேரத்தில் கயிறு விறைத்தது. அஷூர் இழுத்தான், வரவில்லை. மூன்று பேர் சேர்ந்து இழுத்தார்கள். கயிறு அறுந்து மூவரும் படகுக்குள் மல்லாந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. அறுந்த நுனியை அஷூர் வெகுநேரம் கையில் வைத்திருந்தான்.

ஷெஹாத்தாவே கப்பலில் ஏறி, துணைப் பம்பையும் பூட்டி, சாவியோடு இறங்கி வந்தார். அதற்குள் கப்பல் வரிசை போய்விட்டது. கேப்டனின் வசவு மட்டும் ஓயவில்லை.

அஷூர் இன்னொரு சாக்கை எடுத்து, கல் கட்டி, தானே இறக்கினான். பிறகு ஷெஹாத்தாவின் பாக்கெட்டிலிருந்து ஒரு சிகரெட்டை உருவி, அவர் வாயில் வைத்துப் பற்றவைத்தான்.

"மெதுவா பிடிங்க, மச்சான்."