ஒரு கைக்கு ஒரு பிரேக்

சக்கர நாற்காலி செய்யும் அந்தத் தொழிற்சாலையில் மேனேஜர் வைத்ததுதான் சட்டம். "யோசிக்கிறதுக்கு நான் இருக்கேன். நீங்க கையை மட்டும் ஆட்டுங்க" என்பார். அங்கே இளசுகள் வாயைத் திறப்பதே கொட்டாவி விடத்தான் என்றாகிவிட்டது.

வடிவமைப்புப் பிரிவில், முடியைப் பார்த்துச் சுருட்டை என்று எல்லாரும் கூப்பிடும் பெண் மட்டும் அடங்கவில்லை. அவளுடைய சித்தப்பாவுக்கு வாதம் வந்து இடது கை விழுந்துவிட்டது. அவர் உட்காரும் இந்தக் கம்பெனி நாற்காலிக்கோ இரண்டு பக்கமும் தனித்தனி பிரேக். ஒன்றைப் போட்டுவிட்டு அதே கையால் மற்றதை எட்டுவதற்குள் வண்டி கோணிக்கொண்டு திரும்பும். "உங்க கம்பெனி என்னைப் பம்பரமாக்கிடுச்சும்மா" என்று அவர் சிரிப்பார். அவளுக்குச் சிரிப்பு வராது. ஒரே பிடியை இழுத்தால் இரண்டு சக்கரமும் நிற்கும்படி, ஒதுக்கிப் போட்ட உதிரிகளை வைத்தே ஒரு நாற்காலியைச் செய்து முடித்தாள்.

மேனேஜர் கண்ணில் பட்டுவிட்டது.

"யாரைக் கேட்டுச் செஞ்சே? இப்பவே கழட்டு."

"கழட்ட மாட்டேன் சார். ஓட்டிக் காட்டுறேன்."

சரக்கு ஏற்றும் சரிவின் உச்சிக்கு அதைத் தள்ளிக்கொண்டு போய் உட்கார்ந்தாள். எல்லாரும் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். வண்டி இறங்கியது. பிடியை இழுத்தாள். ஒரு சக்கரம் நின்றது, மற்றது நிற்கவில்லை. வண்டி சுழன்று சுவரில் இடிக்க, அவள் தரையில் விழுந்தாள். முழங்கை சிராய்த்து ரத்தம் கசிந்தது.

"இதுக்குத்தான் சொன்னேன்" என்று சிரித்தார் மேனேஜர். வேறு யாரும் சிரிக்கவில்லை.

ஒல்லி என்று எல்லாரும் கூப்பிடும் வெல்டர் பையன் முன்னால் வந்தான். "அக்கா, ரெண்டு கம்பியும் ஒரே இழுப்புல இல்ல. நடுவுல ஒரு குறுக்குக் கட்டை வெச்சா சரியாயிடும். நீங்க செய்யுறப்பவே தோணுச்சு. சொல்லத்தான் பயம்."

"பிடியையும் கொஞ்சம் நீட்டலாம்" என்றாள் பெயின்ட் அடிக்கும் பெண்.

"எல்லாரும் அவங்கவங்க இடத்துக்குப் போங்க!"

ஒருவரும் நகரவில்லை. கத்திக் கத்தி மேனேஜருக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

மறுநாளே சுருட்டையைக் கிடங்குக்கு மாற்றினார். அதுவும் நல்லதாய்ப் போயிற்று. உதிரிகளெல்லாம் அங்கேதான் இருந்தன. சாப்பாட்டு நேரமானால் இளசுகள் அங்கே அந்த நாற்காலியைச் சுற்றி மொய்த்தார்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவர் வெட்டினார், மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள், மறுபடி கூடினார்கள்.

கடைசியில் அதே சரிவில் நாற்காலி அடித்து வைத்தாற்போல் நின்றது. சுருட்டை அதை நேரே மேனேஜர் அறைக்குள் உருட்டிக்கொண்டு போனாள்.

"இடது கையை முதுகுக்குப் பின்னால வெச்சுக்கிட்டு உட்கார்ந்து பாருங்க சார்."

"கதவைச் சாத்திட்டு வெளியே போ."

நாற்காலியை அங்கேயே விட்டுவிட்டு வெளியே வந்தாள். கதவைச் சாத்தவில்லை. அவர் உட்காருகிறாரா என்று பார்க்க வாசலை அடைத்துக்கொண்டு எல்லாரும் நின்றார்கள்.