யாரெட்சிக்கு இரண்டு நிமிடம்

1

பொய் சொல்லாமல் ஆரம்பிக்கிறேன். இந்தக் கதையை எழுதும் எண்ணமே எனக்கு இல்லை. என் பையன் படிக்கும் பள்ளியின் இணையதளத்துக்கு, 'இங்கே எல்லாப் பிள்ளைகளுக்கும் இடம் உண்டு' என்ற தலைப்பில் நல்லதாக நாலு பத்தி எழுதித் தரச் சொன்னார்கள். நான் எழுதுகிறவன் என்று யாரோ போட்டுக்கொடுத்துவிட்டார்கள். உட்கார்ந்தேன். தலைப்பை எழுதினேன். அதற்குக் கீழே ஒரு வரியும் வரவில்லை, கோபம்தான் வந்தது. தலைப்பை அடித்துவிட்டு எழுதியது இது. அவர்கள் போட மாட்டார்கள். போடச் சொல்லி நானும் கெஞ்சப்போவதில்லை.

2

முதல் தொடக்கம்: "பாதாம் தோப்புகள் பூத்துக் குலுங்கிய ஒரு மாலையில், ஒதிலியா தன் மகளின் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு—"

வேண்டாம். பூவைக் காட்டி ஏமாற்றும் வேலை. அன்றைக்குப் பூவெல்லாம் கொட்டிப்போய் ஊர் முழுக்க மருந்தடித்த நாற்றம்தான்.

இரண்டாம் தொடக்கம்: "கலிஃபோர்னியாவில் ஒரு சார்ட்டர் பள்ளி, சிறப்புக் கல்வியை எந்த ஏற்பாட்டின்கீழ் வழங்குவது என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். அவ்வாறு தேர்ந்தெடுக்கும்போது—"

எனக்கே கொட்டாவி வருகிறது. ஆனால் விஷயம் இதற்குள்தான் இருக்கிறது, விட முடியாது. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சார்ட்டர் பள்ளி என்பது அரசுப் பணத்தில், ஆனால் தனக்கென்று ஒரு நிர்வாகக் குழுவை வைத்துக்கொண்டு நடப்பது. பேசவும் நடக்கவும் படிக்கவும் தனி உதவி வேண்டிய பிள்ளைகளுக்காக அதன்முன் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, அந்தப் பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் 'பள்ளி மாவட்டம்' என்ற அமைப்பின் நிழலிலேயே இருந்துவிடுவது. மாவட்டம் தன் ஆட்களை அனுப்பும். எந்தப் பிள்ளை எங்கே படிப்பது என்பதிலும் அதன் கையே ஓங்கியிருக்கும். இன்னொன்று, மற்ற சார்ட்டர் பள்ளிகளோடு ஒரு கூட்டமைப்பில் சேர்ந்து பொறுப்பைத் தன் தலையில் ஏற்றிக்கொள்வது. அதற்கப்புறம் எந்தப் பிள்ளையையும் 'அங்கே போ' என்று கைகாட்ட முடியாது.

[கைகாட்ட முடியாது என்பதைத்தான் என் பையன் பள்ளியின் நிர்வாகக் குழு அந்த இரண்டாவது வழியின் பெரிய குறையாகப் பேசியது. நான் காதால் கேட்டேன்.]

3

ஒதிலியா சர்க்கரைவள்ளிக் கிழங்கைத் தரம் பிரித்துப் பெட்டியில் அடுக்கும் கொட்டகையில் வேலை பார்க்கிறாள். மகள் யாரெட்சிக்கு ஒன்பது வயது, என் பையனின் பள்ளியில்தான் படிக்கிறாள். அவளுக்கு வாயால் பேச வராது. நாற்காலியில் பொருத்திய திரையில் எழுத்தெழுத்தாகக் கண்ணால் பார்ப்பாள். கூட்டிச் சேர்த்ததை இயந்திரம் சொல்லும். ஒரு வாக்கியம் முடிவதற்குள் ஒரு காப்பி ஆறிப்போகும்.

அதற்குள் யாராவது முந்திக்கொள்வார்கள். "தண்ணி வேணுமா கண்ணு?" "குளிருதா?" எங்கள் ஊர் நல்ல மனிதர்களின் கெட்ட பழக்கம் இது. யாரெட்சியின் வாக்கியத்தை எல்லோரும் முடித்துவைப்பார்கள், அன்போடு, தப்பாக.

மாவட்டமும் அன்போடுதான் சொன்னது, அவளுக்கு ஏற்ற வகுப்பு நகரத்தின் மறுகோடியில் இருக்கிறது, பஸ் வரும், ஏறிக்கொள்ளலாம் என்று. ஒதிலியா சம்மதிக்கவில்லை. குழு மாவட்டத்தின் நிழலிலேயே இருப்பதென்று வாக்களித்தால், அவளால் ரொம்ப நாள் தடுத்துநிற்க முடியாது. ஆகஸ்டில் பள்ளி திறந்ததும் மகள் அந்த பஸ்ஸில்தான். பணயம் இவ்வளவுதான், இதைவிடப் பெரிதாக நான் ஊதப்போவதில்லை.

4

குழுத் தலைவர் ஜோவாக்கிம் சில்வெய்ராவைப் பற்றி எனக்கு ஒரு சங்கடம்.

முதல் வரைவில் அவரை வில்லனாக்கினேன். கண்ணைச் சுருக்கவைத்தேன், மேஜையைத் தட்டவைத்தேன். மனிதர் ஒத்துழைக்கவில்லை. மாட்டுப்பண்ணை வேலையை முடித்துவிட்டு வந்து பள்ளி வாசலில் சக்கர நாற்காலிக்கான சரிவைத் தன் கையால் சிமெண்டு பூசியவர் அவர். யாரெட்சிக்காகப் பூசியது. பொறுப்பை நாமே ஏற்றால் செலவிலேயே பள்ளி மூழ்கிவிடும் என்று நிஜமாகவே பயப்படுகிறார். கெட்டவனோடு சண்டை போடுவது எனக்குச் சுலபம். இவரோடு சண்டை போடத்தான் எரிச்சலாக இருக்கிறது. போடாமல் விடுவதாகவும் இல்லை.

5

கூட்டம் பள்ளிச் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. வாக்கெடுப்புக்கு முன்னால், வரிசையில் நிற்கிற யார் வேண்டுமானாலும் ஒலிவாங்கிக்கு வந்து இரண்டு நிமிடம் பேசலாம். நேரம் முடிந்தால் மணி அடிக்கும். நேரத்தை இன்னொருவருக்குத் தரக் கூடாது என்பது குழுவின் விதி.

அம்மாவும் மகளுமாக ஒரு வாரம் உட்கார்ந்து ஒரு பேச்சைத் தயாரித்து இயந்திரத்தில் ஏற்றிவைத்திருந்தார்கள். ஒரே ஒரு பொத்தானைப் பார்த்தால் போதும், முழுவதையும் சொல்லிவிடும். நன்றியில் தொடங்கி நன்றியில் முடிகிற பேச்சு.

வரிசையை அழைப்பதற்குமுன் சில்வெய்ரா தன் பரிந்துரையைச் சொன்னார். மாவட்டத்தோடேயே இருப்போம், அதுதான் எல்லோருக்கும் நல்லது என்றார். "அந்த மாதிரிப் பிள்ளைங்களுக்கு வேண்டியது அங்கேதான் இருக்கு. மனசு கேக்கலைதான், ஆனா அதான் நெஜம்."*

[* இவர்கள் பேசியது ஆங்கிலமும் ஸ்பானிஷும். தமிழ்ப்படுத்தியது நான். ஆனால் 'அந்த மாதிரிப் பிள்ளைங்க' என்றது அவரேதான். அந்தப் பழி என்மேல் வேண்டாம்.]

வரிசையில் முதல் ஆள் யாரெட்சி. மணிக்காரர் கடிகாரத்தை ஓடவிட்டார். யாரெட்சி அந்தப் பொத்தானைப் பார்க்கவில்லை. எழுத்துகளைப் பார்க்க ஆரம்பித்தாள். ஒதிலியா குனிந்து, "நாம செஞ்சு வெச்சதைப் போடும்மா" என்றாள். மகள் கண்ணைத் திருப்பவில்லை.

[இந்த இடத்தில் அவளுக்கு நான் ஒரு பிரமாதமான உரை எழுதினேன். முழுப் பக்கம். கைதட்டல்கூட வைத்திருந்தேன். அது என்னுடைய உரை, அவளுடையது இல்லை. போயிற்று.]

இயந்திரம் சொன்னது: "மிஸ்டர் சில்வெய்ரா, நீங்க அந்த பஸ்ல போயிருக்கீங்களா?"

மணி அடித்தது.

சில்வெய்ரா இதமாக, "புரியுதும்மா, உனக்கு பஸ்ஸுன்னா பயமா இருக்கு—" என்று ஆரம்பித்தார்.

"முடிச்சு வைக்காதீங்க" என்றாள் ஒதிலியா. "அவ இன்னும் முடிக்கலை. பயம்னு அவ சொன்னாளா?"

பிறகு அவள் சட்டத்தைப் பிடித்தாள். மொழிபெயர்ப்பாளர் வைத்துப் பேசுகிறவர்களுக்கு இரட்டிப்பு நேரம் தரவேண்டும் என்பது மாநிலச் சட்டம். ஸ்பானிஷில் பேசி அந்த இரட்டிப்பை இதே கூடத்தில் அவளே வாங்கியிருக்கிறாள். "என் பொண்ணு மனசுல இருக்கறதை உங்க பாஷையில சொல்றது இந்தப் பெட்டி. இது மொழிபெயர்ப்பாளர் இல்லேன்னா வேற என்ன, அடுப்பா?"

குழுவின் வழக்கறிஞர் தாடையைச் சொறிந்துவிட்டு, கொடுத்துவிடுங்கள் என்று தலையசைத்தார். கடிகாரம் மறுபடி ஓடியது.

"நான் ஒரு நாள் போனேன். அங்கே என்கிட்ட யாரும்"

மணி அடித்தது.

அவள் கண் இன்னும் திரையில்தான் ஓடிக்கொண்டிருந்தது. சில்வெய்ராவின் முகம் தொங்கிப்போயிற்று. விதி விதிதான், அடுத்த ஆள் வரலாம் என்றார்.

அடுத்த ஆள் நெங் வாங், காய்கறித் தோட்டம் வைத்திருப்பவர். மூன்று பிள்ளைகளை அந்தப் பள்ளிக்கு அனுப்புகிறவர். ஒலிவாங்கியை எடுத்து யாரெட்சியின் பக்கம் திருப்பி வைத்தார்.

"பேரு நெங் வாங். நான் சொல்ல வந்தது என்னன்னா—"

அவ்வளவுதான். கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பேசுங்க நெங்" என்றார் சில்வெய்ரா.

"யோசிக்கிறேன். என் நேரம்தானே?"

யாரெட்சி எழுத்துகளைத் தேடிக்கொண்டிருந்தாள். மணி அடித்தது. நெங் நகர்ந்தார். அடுத்து வந்த பெண்மணியும் பெயரைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

6

இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில் குழு ஒரு வாக்கு வித்தியாசத்தில் கூட்டமைப்பில் சேர்கிறது, ஒதிலியா அழுகிறாள். இன்னொன்றில் மாவட்டத்தோடேயே இருக்கிறது, ஒதிலியா அழவில்லை. இரண்டாவது கொஞ்சம் இலக்கியமாகக்கூட இருந்தது. ஆனால் இரண்டிலுமே, யாரெட்சியின் வாக்கியம் முடிவதற்கு முன்னால் வாக்கெடுப்பு நடந்துவிடுகிறது. கிழித்துப் போட்டேன்.

'அங்கே என்கிட்ட யாரும்' என்பதற்கு அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. பேசலை, உட்காரலை, எதுவும் கேக்கலை. உங்களுக்கும் ஒன்று தோன்றியிருக்கும். அதை உங்களோடேயே வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதையில் அவள் முடிக்கும்வரை யாரும் வாக்களிக்கப்போவதில்லை. தலைவர் சொன்னாலும் சரி, நாற்காலிகளை அடுக்கிவிட்டு விளக்கணைக்க வந்தவர் சொன்னாலும் சரி. எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கிருக்கும் அதிகாரம் இந்த ஒன்றுதான், அதை நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

அந்தப் பெண்மணிக்கு அடுத்து வரிசையில் நின்றது நான். பெயரைச் சொன்னேன். எழுத்தாளன் ஒருவன் ஒலிவாங்கிக்கு முன்னால் பேசாமல் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியாது. நாக்கு துறுதுறுத்தது. கடித்துக்கொண்டு நின்றேன்.

இதோ எனக்கும் மணி அடிக்கப்போகிறது. எனக்குப் பின்னால் நிற்பது நீங்கள்தான். முன்னால் வாருங்கள். பெயரைச் சொல்லுங்கள். அதற்குமேல் ஒரு வார்த்தையும் பேசாதீர்கள்.